குஞ்சுக் கணவாயை எண்ணாத கணக்கு: எண்ணூர்க் கடல் அறிக்கை எழுதிய நிபுணர் குழுவுக்குத் திறந்த மடல்

எண்ணூர்க் கரையில் வரவிருக்கும் கட்டுமானத்துக்குச் சூழல் தாக்க அறிக்கை எழுதிய நிபுணர் குழுவினருக்கு,

"இத்திட்டத்தால் கணவாய் வளத்துக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு இராது எனக் கணினி மாதிரி காட்டுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இந்த வரியை மேடையிலிருந்து வாசித்தபோது, நண்டு வலை போடும் பெரியவர் ஒருவர் எழுந்தார். மழை ஓய்ந்து தண்ணீர் தெளிகிற நாட்களில் தன் வலையில் கடம்பா எனப்படும் ஊசிக்கணவாயின் முட்டைக் கொத்துகள் ஏறுவதாகவும், நீங்கள் தூர்வாரப்போகும் இடத்தை ஒட்டித்தான் அவை ஏறுவதாகவும் சொன்னார். "அது உங்கள் அனுபவம் ஐயா, இது அறிவியல்" என்று பதில் வந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். கூட்டக் குறிப்பில் அவர் பேச்சு "மீனவர் ஒருவர் மீன்வளம் பற்றிக் கவலை தெரிவித்தார்" என்று சுருங்கியிருக்கிறது. இடம், பருவம், முட்டை என்று அவர் தெளிவாகச் சொன்ன மூன்றில் ஒன்றுகூட அதில் இல்லை.

நான் காசிமேட்டுக்காரி. அப்பா பைபர் படகில் போனவர், அம்மா இன்றும் மீன் விற்கிறார். நான் கடல் உயிரியல் படித்தேன், இப்போது கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தருகிறேன். கடலின் உணவு வலையைக் கணக்கிட நீங்கள் பயன்படுத்திய அதே எக்கோபாத் மென்பொருளை என் மாணவர்களும் வகுப்பில் ஓட்டிப் பார்க்கிறார்கள். அறிக்கையின் பின்னிணைப்பை வரிவரியாகப் படித்தேன். அந்தப் பெரியவர் சொன்னது உங்கள் மாதிரியில் எங்குமே உள்ளிடப்படவில்லை. உள்ளே போடாத ஒன்றுக்குப் பாதிப்பு இல்லை என்று ஒரு மாதிரி எப்படிக் காட்ட முடியும்?

மாதிரிகள்மேல் எனக்குப் பகை கிடையாது. 1984இல் ஹவாய்ப் பக்கத்துப் பவளத்திட்டு ஒன்றின் உணவு வலையைக் கணக்கிட ஆய்வாளர் ஜெஃப்ரி பொலோவினா வகுத்த முறைதான் எக்கோபாத். டேனியல் பாலி, வில்லி கிறிஸ்டென்சன், கார்ல் வால்டர்ஸ் ஆகியோர் அதை வளர்த்தார்கள். காலப்போக்கில் என்ன நடக்கும் என்று ஓட்டிப் பார்க்கும் எக்கோசிம் 1997இல் வந்தது. நம் நாட்டிலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் கர்நாடகக் கரையோர அரபிக்கடலுக்கு இப்படி ஒரு மாதிரி செய்திருக்கிறார்கள். ஒரு கடலை மீன் மீனாகப் பார்க்காமல், யார் யாரைத் தின்கிறார்கள் என்ற பின்னலாகப் பார்க்கக் கற்றுத்தந்த முறை அது. அதை மதிப்பதால்தான் நீங்கள் அதைக் கையாண்ட விதம் எனக்குப் பொறுக்கவில்லை.

மீனவர்களும் இந்த மடலைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். மாதிரியில் ஒவ்வோர் இனமும் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு நான்கு செய்திகள் வேண்டும்: கடலில் அது எவ்வளவு எடை இருக்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு பெருகுகிறது, எவ்வளவு தின்கிறது, பெருகியதில் எத்தனை பங்கு பிறரால் தின்னப்பட்டோ பிடிக்கப்பட்டோ போகிறது. நான்கில் ஒன்று தெரியாவிட்டால் மற்ற மூன்றையும் தின்னிகளின் தேவையையும் வைத்துக் கணினி அதைக் கண்டுபிடித்துத் தரும். அதோடு எது எதைத் தின்கிறது என்ற உணவு அட்டவணையும் வேண்டும்.

உங்கள் அட்டவணையில் கணவாய்க்கு ஒரே பெட்டி. ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய், முட்டையிட வந்த தாய், நேற்றுப் பொரித்த குஞ்சு எல்லாமே அதற்குள். அந்தப் பெட்டியின் எடைக்கு நேரே "மாதிரி மதிப்பிட்டது" என்று இருக்கிறது. அதாவது எண்ணூர்க் கடலில் கணவாய் எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. பெருகியதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தின்னவும் பிடிக்கவும் போகிறது என்று வழக்கப்படி ஓர் எண்ணைப் போட்டிருக்கிறீர்கள். அதைத் தின்னும் சீலாவுக்கும் வஞ்சிரத்துக்கும் சாவாளைக்கும் இவ்வளவு பசி, எனவே கணவாய் இவ்வளவு இருந்தாக வேண்டும் என்று கணினி பின்னோக்கிக் கணக்கிட்டுத் தந்திருக்கிறது. தரவு கிடைக்காத இடத்தில் இப்படிச் செய்வது முறைதான், குற்றமில்லை. ஆனால் அப்படி வந்த எண்ணை வைத்துக்கொண்டு, இங்கே கணவாய் ஏராளம், கொஞ்சம் போனால் பாதகமில்லை என்று ஒரு கரையின் பிழைப்பைத் தீர்மானிக்கிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

குஞ்சுகளுக்கு வருகிறேன். எங்கள் கரையில் அதிகம் படும் கடம்பா, அறிவியலில் யூரோடியூதிஸ் டுவாசெலி என்று அழைக்கப்படும் ஊசிக்கணவாய். அதன் வாழ்நாள் ஏறக்குறைய ஓர் ஆண்டுதான். முட்டையிட்டபின் தாய் தங்காது. வஞ்சிரத்துக்கோ சங்கராவுக்கோ ஒரு வருடம் குஞ்சு பிழைக்காவிட்டால், போன வருடத்து மீனும் அதற்கு முந்தைய வருடத்து மீனும் கடலில் மிச்சம் இருக்கும். கடம்பாவுக்கு அந்தக் கையிருப்பு கிடையாது. இந்த வருடக் குஞ்சுதான் அடுத்த வருடத்தின் மொத்த இருப்பு. கலிஃபோர்னியாக் கரையில், கடல்நீர் சூடேறும் எல் நினோ வந்த 1997-98இல் அங்குள்ள கணவாய்ப் பிடிப்பு ஒரே பருவத்தில் கடுமையாகச் சரிந்தது இதனால்தான். தண்ணீர் குளிர்ந்ததும் அங்கே கணவாய் திரும்பியது. தோண்டிப்போட்ட முட்டைத் தரைக்கு அப்படித் திரும்புகிற பருவம் ஒன்றும் இல்லை.

தாய் முட்டைகளை விரல் விரலான வெள்ளைக் கூழ்ப்பைகளில் வைத்து, கொத்தாகக் கடல் தரையில் ஒட்டிவிட்டுப் போகிறது. மணல், கல், கிடக்கும் கொப்பு, சில நேரம் நண்டு வலையின் நூல். அந்தக் கொத்து எழுந்து வேறிடம் போக முடியாது. மேலே சேறு படிந்தால் படிந்ததுதான், உள்ளே இருக்கும் கருவுக்கு மூச்சு முட்டும். தண்ணீர் சூடானால் கரு வேகமாக வளர்ந்து சீக்கிரம் பொரிக்கும், ஆனால் குஞ்சு சிறுத்துப் பிறக்கும். அனல்மின் நிலையத்துச் சுடுநீர் விழும் கடலில் இதை எழுத உங்களுக்கு ஒரு பத்தி கூடவா கிடைக்கவில்லை?

பொரித்து வரும் குஞ்சு சில மில்லிமீட்டர்தான். வயிற்றில் சில நாளுக்கான மஞ்சள் கரு இருக்கும். அது தீர்வதற்குள் வேட்டையாடக் கற்றாக வேண்டும். இரை, கோபிபாடு எனப்படும் பொடி ஓட்டுடலிகள். அவை சட்டெனத் துள்ளித் தப்பும். கலிஃபோர்னியக் கணவாய்க் குஞ்சுகளைத் தொட்டியில் வளர்த்துப் பார்த்து 1996இல் வெளியான ஆய்வு, இந்த வேட்டைத் திறமை பிறவியில் முழுதாக வருவதில்லை, கோபிபாடோடு பழகிப் பழகித்தான் கைகூடுகிறது என்று காட்டியது. என் மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். பிறந்த நாள் தொட்டுத் தாய் இல்லாத ஓர் உயிர், சில மில்லிமீட்டர் உடம்பை வைத்துக்கொண்டு, குறிபார்க்கத் தானே கற்றுக்கொள்கிறது. கலங்கிய நீரில், கோபிபாடு குறைந்த நீரில், அந்தச் சில நாள் அவகாசம் வீணாகப் போய்விடும்.

இந்த ஒரு கட்டத்தில் எவ்வளவு சின்ன மாற்றம் எவ்வளவு பெரிய இழப்பாகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இது கடலில் அளந்த எண் அல்ல, வெறும் கூட்டுக் கணக்குதான். 1000 குஞ்சுகள். நாளுக்கு நூற்றுக்குப் பத்து சாகிறது என்றால் 30 நாள் கழித்து ஏறக்குறைய 42 மிஞ்சும். பத்துக்குப் பதில் பன்னிரண்டு சாகட்டும், மிஞ்சுவது 22. நாளுக்கு நூற்றுக்கு இரண்டே குஞ்சு கூடுதலாகச் செத்ததில் ஒரு மாதத்தில் இருப்பு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. ஆண்டுக்கு ஒரே பெருக்க விகிதத்தைக் கொடுத்து ஒரே பெட்டியில் மூடிவிட்ட உங்கள் மாதிரியில் இந்த 42க்கும் 22க்கும் வேறுபாடு தெரியவே வழியில்லை.

பின்னிணைப்பில் இன்னும் சில உண்டு. பெரிய கடம்பா சென்னாகுனியையும் நெத்திலியையும் தின்னும், தன் இனத்துக் குட்டியையும் தின்னும். குஞ்சு தின்பது கோபிபாடு. இரண்டும் உணவு வலையின் வேறு வேறு படிகள். உங்கள் உணவு அட்டவணையில் பெரியதின் தீனி மட்டுமே உள்ளது. தன்னினம் தின்பதால், கணவாய்ப் பெட்டி கணவாய்ப் பெட்டியையே தின்பதாக ஒரு கட்டம். இப்படி ஆகும்போது குட்டியையும் பெரியதையும் தனிப் பெட்டிகளாகப் பிரிக்க அந்த மென்பொருளிலேயே வசதி இருக்கிறது. நீங்கள் பயன்படுத்தவில்லை.

அடுத்தது, தின்னி கூடினால் இரைக்கு எவ்வளவு ஆபத்து என்று சொல்லும் எண். எல்லா இனத்துக்கும் 2 என்றே போட்டிருக்கிறீர்கள். மென்பொருளைத் திறந்ததும் தானாக வந்து நிற்கிற எண் அது. பல ஆண்டு மீன்பிடிப் பதிவோடு பொருத்திப் பார்த்து ஒவ்வோர் இனத்துக்கும் அதை மாற்ற வேண்டும். யாரும் தொடவில்லை என்பதற்கு அந்த 2 வரிசையே சாட்சி. தூர்வாருவதன் விளைவாகவும், நீர் கலங்கி மிதவைத் தாவரங்களின் உற்பத்தி சற்றுக் குறையும் என்பதை மட்டுமே ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள். முட்டைக் கொத்தின் மேல் படியும் சேறு கணக்கில் இல்லை. தூண் அடிக்கும் ஓசையும் இல்லை. தாழ்ந்த அதிர்வெண் ஓசை கணவாய் இனங்களின் சமநிலை உறுப்பைச் சிதைப்பதை ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2011லேயே காட்டிவிட்டார்கள்.

தரவு வந்த வழியைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. நீரையும் மிதவை உயிரிகளையும் சோதனைக்கு ஒரே ஒரு கோடையில் எடுத்திருக்கிறீர்கள். எங்கள் கடல் ஒரு கோடையில் அடங்குவதில்லை. மாசி பங்குனியிலிருந்து நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும், நாங்கள் தெண்டி என்போம். ஐப்பசி கார்த்திகையில் அது திரும்பி வடக்கிலிருந்து தெற்கே இறங்கும், அது வன்னி. அதே மாதங்களில்தான் கொசஸ்தலையாறு வெள்ளத்தையும் சாம்பலையும் ஆலைக் கழிவையும் எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலில் கொட்டும். நீந்தி எதிர்க்க முடியாத குஞ்சு, ஓட்டம் இழுக்கும் பக்கம் போகும். அந்த மாதங்களில் எண்ணூர்த் தண்ணீரில் நடப்பது தெற்கே காசிமேட்டுக்கு வரும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய் படகிலும் வலையிலும் ஆட்களின் தோலிலும் அப்பியதை நாடே பார்த்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் தெருவுக்கு ஓடினார்கள். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளியால் அள்ளினார்கள். இவை எல்லாம் நடந்தது கோடையில் அல்ல. மழைக்காலத்தையும் அதன் பின்பனியையும் விட்டுவிட்டு எடுத்த அளவுகளை "அடிப்படை நிலை" என்று அழைப்பது எங்கள் கடலின் மோசமான மாதங்களை இல்லையென்று ஆக்குவதாகும்.

கணவாய் நீளத் தரவு காசிமேட்டு இறங்குதளத்திலிருந்து என்று எழுதியிருக்கிறீர்கள். என் அம்மா பல வருடமாக உட்காரும் இடம் அது. ஏலத்துக்கு வருவது ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்கள் தரம் பிரித்த பெரிய கடம்பா. சிறியது கூறு போட்டு உள்ளூரில் விற்பனை. விரல் நீளம்கூட இல்லாத குட்டி, மற்ற பொடி மீனோடு கலந்து தீவனத்துக்குப் போகும். அந்தக் குவியலில் எது கடம்பாக்குட்டி, எது நெத்திலி என்று யாரும் பிரித்து எழுதுவதில்லை. ஆகவே உங்கள் அட்டவணையில் குட்டி இல்லாமல் போனது கடலில் குட்டி இல்லாததால் அல்ல. சமீப காலமாக அம்மா, "குட்டிக் கடம்பா கண்ணுலயே படலம்மா, பெருசும் மெலிஞ்சு வருது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். பக்கத்தில் உட்காரும் பெண்களும் அதையே சொல்கிறார்கள். உங்கள் ஆட்கள் அளவுகோலோடு வந்தபோது அவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

குட்டி தீவனக் குவியலுக்குப் போவதற்கு எங்கள் பக்கத்து இழுவலை மடியும் பொறுப்புதான். அதை நான் மறைக்கவில்லை, எங்கள் சங்கக் கூட்டங்களிலும் பேசுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தை எங்கள் விசைப்படகுகள் ஏற்றுக் கரையில் நிற்கின்றன. குஞ்சு பெருகட்டும் என்று எங்களைக் கரையில் நிற்கச் சொல்லும் அரசு, அதே குஞ்சின் முட்டைத் தரையைத் தோண்டும் திட்டத்துக்குக் குஞ்சே இல்லாத கணக்கை ஆதாரமாக ஏற்கக் கூடாது.

இந்தக் கரைக்கு இது புதிதல்ல. சென்னைத் துறைமுகத்தின் சுவர் எழுந்தபின் தெற்கே மெரினாவில் மணல் குவிந்தது, வடக்கே ராயபுரம் தொடங்கி எங்கள் குப்பங்களைக் கடல் தின்றது. கல் கொட்டிக் கொட்டித்தான் இன்று நிற்கிறோம். மணல் எந்தப் பக்கம் நகரும் என்று அன்றும் எங்கள் பாட்டன்மாரிடம் யாரும் கேட்கவில்லை.

என் கோரிக்கைகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

முதலில், பாதிப்பு இராது என்ற வாக்கியத்தை நீக்கி, "இளம் கணவாயை இம்மாதிரி மதிப்பிடவில்லை" என்று திருத்திய அறிக்கையை ஒப்புதல் வழங்கும் அமைப்புக்கு அனுப்புங்கள். திருத்தம் போய்ச் சேரும்வரை தூர்வாரும் அனுமதிக்கு இந்த மாதிரியை எவரும் ஆதாரமாகக் காட்டக் கூடாது என்றும் அதில் எழுதுங்கள்.

உள்ளிட்ட எண்கள் அனைத்தையும் வெளியிடுங்கள். எது இங்கே அளந்தது, எது வேறு கடலிலிருந்து எடுத்தது, எது கணினியே நிரப்பியது என்று ஒவ்வொன்றுக்கும் நேரே குறியுங்கள். தரவின் தரத்தை இப்படி மதிப்பிடும் வசதியும் அந்த மென்பொருளில் உண்டு. இதைத் தமிழில் தாருங்கள். சுருக்கம் மட்டும் தமிழிலும் அட்டவணைகள் எல்லாம் ஆங்கிலத்திலும் இருந்தால் நண்டு வலைக்காரர் எதை மறுக்க முடியும்?

கணவாய்ப் பெட்டியைக் குஞ்சு, குட்டி, பெரியது எனப் பிரித்து மீண்டும் ஓட்டுங்கள். முட்டை மேல் படியும் சேற்றையும் சுடுநீரையும் குஞ்சின் சாவு விகிதத்தில் கொண்டுவாருங்கள். ஒரே விடையாகத் தராமல், உள்ளீடுகளை மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டி, மிகக் குறைந்ததும் மிக அதிகமானதுமான விளைவு இரண்டையும் காட்டுங்கள். வருங்காலத்தைச் சொல்லும் முன், கடந்த ஆண்டுகளின் காசிமேட்டு மீன்பிடிப் பதிவை அந்த மாதிரியால் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று சோதித்து அந்த முடிவையும் போடுங்கள்.

வடகிழக்குப் பருவமழையின்போதும் அது ஓய்ந்தபின்னும் இரவில் மிதவை வலை இழுத்துக் குஞ்சுகளை எண்ணுங்கள். எண்ணூர் குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காசிமேடு நண்டு வலைக்காரர்களோடு படகில் போய், முட்டைக் கொத்து ஏறும் இடங்களை வரைபடமாக்குங்கள். அவர்கள் நேரத்துக்குக் கூலி கொடுங்கள், அறிக்கையில் அவர்கள் பங்கைச் சொல்லுங்கள்.

செலவு குறைந்த வேலை ஒன்றும் இருக்கிறது. கடம்பாவின் தலைக்குள் இருக்கும் சமநிலைக் கல்லில் நாளுக்கு ஒரு வளையம் விழும். காசிமேட்டில் மாதந்தோறும் கொஞ்சம் கடம்பா வாங்கி வளையங்களை எண்ணினால், எந்த மாதம் பொரித்தவை பிழைத்தன, எந்த மாதத்துக் குஞ்சுகள் காணாமல் போயின என்று தெரிந்துவிடும். கடம்பாவை வாங்கித் தரவும் கல்லை எடுத்துத் தரவும் என் மாணவர்களும் நானும் தயார். எங்களுக்குப் பணம் வேண்டாம், எண்ணிக்கை முடிவை வெளியிட்டால் போதும்.

கடைசியாக, கருத்துக்கேட்புக் கூட்டத்தைத் திருத்திய அறிக்கையோடு மீண்டும் நடத்துங்கள். படகுகள் கடலுக்குப் போகாத நாளாக, ஏலம் முடிந்து பெண்களும் வரக்கூடிய நேரமாக, குப்பத்துக்குள்ளேயே வையுங்கள். அன்று எழுந்து பேசிய பெரியவர் சொன்ன இடமும் பருவமும் கூட்டக் குறிப்பில் அவர் சொன்னபடியே ஏற வேண்டும்.

இப்படிக்கு,
காசிமேட்டு மீனவர் மகள், விலங்கியல் ஆசிரியை